அகலாமை நோயும் அகவழி அறுவையும்

உண்ணுதல் என்னும் தொழிலில் நம் வயத்தனவாயுள்ளவை மிகச் சிலவே. கவளத்தை எடுத்தலும், வாயிலிடுதலும், மெல்லுதலும் நம் விருப்பின்வழி நடப்பன. நாவானது அக்கவளத்தை மிடற்றின்பால் தள்ளிய அந்நொடியே நம் ஆட்சி முடிந்துவிடுகின்றது. பின்னர் நிகழ்வனவெல்லாம் நம்மைக் கேளாதே நிகழ்வன. மூச்சுக்குழலின் வாய் மூடப்படுகின்றது. அதன் பின்னே கிடக்கும் உணவுக்குழல் திறக்கின்றது. ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள அக்குழலின் தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுருங்கிக் கவளத்தைப் 10 நொடியளவில் இரைப்பையிற் கொண்டு சேர்க்கின்றன. கிணற்றிற் கல் விழுவதுபோல உணவு தன் எடையால் விழுகின்றது என்று எண்ணுதல் பிழை. தலைகீழாக நிற்பவனும் நீரை விழுங்கவல்லன். அத்துணை வலிவுடையது அவ்வலையியக்கம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நாம் அன்றன்றைய ஆகாரத்தை வேண்டுகின்றோம். அதனை விழுங்கும் வன்மையைத் தனியே வேண்டுவார் யாருமிலர். இழந்தார்க்கன்றி அதன் அருமை புலனாவதில்லை போலும்.

குழலின் கீழெல்லையில், அஃது இரைப்பையோடு கூடுமிடத்தில், தசையாலாகிய மதகு ஒன்று உளது. ஏனை வேளையில் அஃது இறுக மூடியிருக்கும். இரைப்பையிலுள்ள கொடிய புளிப்புநீர் மேலேறாவண்ணம் காத்தல் அதன் கடன். விழுங்குதல் தொடங்கியவுடன் அது தானே நெகிழ்ந்து வழிவிடும். கவளம் சென்றபின் மீண்டும் மூடிக்கொள்ளும். திறத்தலும் காத்தலுமாகிய, ஒன்றற்கொன்று மாறான இவ்விரு கடன்களையும் ஒரு சிறு தசைவளையமே ஆற்றுகின்றது. ஈண்டு யான் கூறப்புகும் மருத்துவ வரலாறு முழுவதும், ஒரு கடனை மீட்கும்பொருட்டு மற்றொன்றை எத்துணை இழக்கலாம் என்னும் வினாவைச் சுற்றியே நிகழ்ந்தது.

அக்குழலின் தசை ஈரடுக்கினது. உள்ளடுக்கு வளையம்போற் சூழ்ந்திருப்பது. புறவடுக்கு நெடுக ஓடுவது. இவ்விரண்டற்கும் இடையே மெல்லிய நரம்புவலை ஒன்று விரிந்து கிடக்கின்றது. அதனை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து விளக்கிய ஜெர்மானிய அறிஞர் ஆவர்பாக்கு என்பாரின் பெயரால் அஃது இன்றும் வழங்குகின்றது. அவ்வலையில், 'சுருங்குக' என ஏவும் நரம்பணுக்களும் உள. 'நெகிழ்க' என ஏவுவனவும் உள. பின்னையவை நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளியைத் தூதாக விடுத்துத் தசையை நெகிழ்விப்பன. இவை மெல்ல மெல்ல மடிந்தொழியுமாயின், திறக்கச் சொல்வாரின்றி மதகு மூடியபடியே நின்றுவிடுகின்றது. மேலுள்ள அலையியக்கமும் குலைந்துபோகின்றது. உண்டது குழலிலேயே தேங்குகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குழல் விரிந்து தளர்ந்து, நாட்பட்ட உணவு கிடக்கும் பையாகின்றது.

நரம்பணுக்கள் மடிதற்குக் காரணம், உடலின் காவற்படையே தன் நரம்பைப் பகையென மயங்கித் தாக்குதலாம் என்று பெரும்பாலோர் கருதுவர். தென்னமெரிக்காவில், இரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சியாற் பரவும் சாகாஸ் நோயினாலும் இந்நிலை உண்டாகின்றது. ஏனை நாடுகளில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருள் ஒருவர் அளவினரை இது பற்றுகின்றது. அருநோயே, ஆயினும் இளையோர் முதியோர், ஆடவர் பெண்டிர் என்னும் வேறுபாடு இதற்கில்லை.

இதன் பெயரைப்பற்றிச் சிறிது கூற விழைகின்றேன். மருத்துவர் மிக்குலிஸ் என்பார் 1881-இல் இதனை இரைப்பைவாயின் இசிவு எனக் கொண்டார். மதகு இசித்துக்கொண்டு மூடுகின்றது என்பது அவர் கருத்து. ஆங்கில மருத்துவர் ஆர்தர் ஹர்ஸ்ட் என்பார், குற்றம் மூடுதலில் அன்று, திறவாமையிலேயே உளது எனக் கண்டு, 'நெகிழாமை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'அகலேசியா' என வழங்கினார். ஒரு பெயர் மாற்றந்தானே என இதனைப் புறக்கணித்தல் கூடாது. நோயின் இயல்பைப் பற்றிய கொள்கையே அதனால் மாறிற்று. தமிழில் 'அகலாமை' என்னும் சொல் ஒலியானும் பொருளானும் இதனோடு ஒத்துநிற்றல் வியப்பைத் தருகின்றது. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு சொற்பிறப்புக் கூறுவார் நெறியில் யான் செல்லவில்லை. இஃது தற்செயலான ஒற்றுமையே. எனினும், அகலுதல் என்பதற்கு விரிதல் எனவும் நீங்குதல் எனவும் இரு பொருள் உண்மையின், விரியாத மதகையும் நீங்காத பிணியையும் ஒருங்கே சுட்டும் 'அகலாமை' என்னும் பெயரை இக்கட்டுரையில் ஆளுகின்றேன்.

நோயாளர் கூறும் குறிகள் இவை: சோறு நெஞ்சில் நிற்கின்றது, நீர் அருந்தினாலும் நிற்கின்றது, படுத்தால் உண்டது செரியாதபடியே வாயில் வருகின்றது, இரவில் இருமல் எழுகின்றது, உடல் மெலிகின்றது. இவற்றுள், சோறும் நீரும் தொடக்கந்தொட்டு ஒருங்கே தடைப்படுதல் உற்றுநோக்கத்தக்கது. புற்றுநோயாற் குழல் அடைபடுங்கால் பெரும்பாலும் முதலில் திண்ணிய உணவே தடைப்படும். கஞ்சியும் நீரும் பின்னரே தடைப்படும். இங்கோ அவ்வரிசை இல்லை. ஆயின் நம் மொழியில் 'நெஞ்சை அடைக்கின்றது' என்பார் கூற்று எத்தனை பொருட்கு இடந்தருகின்றது என நோக்குமின். நெஞ்சு என்பது மார்பும் ஆம், மனமும் ஆம். தொல்காப்பியர் பிறப்பியலில் ஒலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாகவும் அது நிற்கின்றது. ஆதலின் இந்நோயாளர் கூறுவது கேட்டு ஒருவர் இதயநோய் என்பர். ஒருவர் புளியேப்பம் என்று அதற்குரிய மருந்தை ஆண்டுக்கணக்கில் ஈவர். பெண்ணாயின் மனக்கவலை என்று கூறி அனுப்பிவிடுவாரும் உளர். நோய் தொடங்கிய ஆண்டிற்கும் அது தெளியப்பட்ட ஆண்டிற்கும் இடையே நெடுங்காலம் கழிதல் எந்நாட்டிலும் பொதுவாய்க் காணப்படுவதே. இதற்கிடையே நோயாளர் பந்தியில் அமர்தலை விட்டுவிடுகின்றார். திருமண வீட்டிலும், திருச்சபையின் அசன விருந்திலும், 'வீட்டிலேயே உண்டு வந்தேன்' என்று கூறி ஒதுங்குகின்றார். பசி ஒரு துன்பம். பலர்முன் உண்ண அஞ்சுதல் அதனினும் பெரிய தனிமை.

நோயைத் துணிதற்கு மூன்று வழிகள் உள. உள்ளே கருவி செலுத்தி நோக்குதல் ஒன்று. புற்று முதலியன இல்லை என அறிதற்கு இஃது இன்றியமையாதது. ஆனால் தொடக்க நிலையில் இந்நோக்கில் யாதும் புலப்படாமற் போதலும் உண்டு. ஆகவே 'ஒன்றுமில்லை' என்னும் சீட்டோடு நின்றுவிடுதல் தவறாம். பேரியம் கலந்த நீரைப் பருகச் செய்து எக்ஸ்ரே படம் எடுத்தல் மற்றொன்று. மேலே விரிந்த குழல் கீழே பறவையின் அலகுபோலக் கூர்ந்து முடிதலைப் படம் காட்டும். மூன்றாவது, மூக்கின்வழி நுண்குழாய் ஒன்றைச் செலுத்தி, விழுங்குங்கால் ஒவ்வோரிடத்தும் எழும் அழுத்தத்தை அளத்தல். முடிந்த சான்று இம்மூன்றாவதே. இதனைக்கொண்டு அகலாமையை மூவகைப்படுத்துவர். அவற்றுள் மூன்றாம் வகையில் மதகு மூடியிருத்தலோடு குழலின் கீழ்ப்பகுதியும் முறையின்றி வலிந்து இசிக்கும். இதனைப் பின்னர் நினைவுகூர்வோம்.

இனி மருத்துவத்திற்கு வருவோம். இந்நோய்க்கு மருத்துவம் செய்த முதற் குறிப்பு, ஆக்ஸ்பர்டில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்பார் 1674-இல் வெளியிட்ட நூலில் காணப்படுகின்றது. அவர்பால் வந்த ஒருவன் உண்டவற்றை எல்லாம் வெளியே எடுத்துப் பசியால் நலிந்திருந்தான். வில்லிஸ், திமிங்கிலத்தின் வாயிலிருந்து கிடைக்கும் வளையத்தக்க தகட்டைக் கோலாக்கி, அதன் நுனியிற் சிறு கடற்பஞ்சை வட்டமாகக் கட்டி அவன் கையிற் கொடுத்தார். அவன் ஒவ்வோர் உணவின்போதும் அக்கோலை மிடற்றின்வழிச் செலுத்தித் தேங்கிய உணவைத் தானே கீழே தள்ளிவந்தான். இவ்வாறே 15 ஆண்டளவு உயிர்வாழ்ந்தான். மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் நரம்புவலை என்னும் அறிவும் இல்லாத காலம் அது. எனினும் அவர் செய்த துணிவு சரியானதே. தடை குழலின் அடியில் உளது. அதனைக் கடத்திவிட்டால் உயிர் பிழைக்கும். 300 ஆண்டுக்கு மேலாகியும் மருத்துவம் இத்துணிவை விட்டு அப்பாற் செல்லவில்லை. கோல் மட்டுமே மாறிற்று.

கோலுக்குப் பின் காற்றடைத்த பை வந்தது. 30 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை குறுக்களவுடைய பையை மதகினிடை நிறுத்தி ஊதித் தசையைக் கிழிப்பர். இஃது இன்றும் வழக்கில் உளது, எளியது, செலவும் குறைவு. ஆயினும் தசை எவ்விடத்து எத்துணைக் கிழியும் என்பது மருத்துவர் கையில் இல்லை. சிலர்க்குக் குழலே கிழிதலும் உண்டு. பலர்க்கு மீண்டும் மீண்டும் ஊதவேண்டி வரும்.

லைப்சிக் நகரத்து எர்ன்ஸ்டு ஹெல்லர் என்பார் 1913-இல் செய்த அறுவையே இந்நோயின் வரலாற்றில் நடுநாயகமாக நிற்பது. அவர் குழலை வெட்டி அகற்றவில்லை. வேறிடத்தில் இணைக்கவும் இல்லை. புறத்தேயிருந்து தசையடுக்குகளை மட்டும் நெடுகக் கீறி, அகத்தேயுள்ள மெல்லுறையைத் தீண்டாது விட்டார். கீறிய தசை இருபாலும் விலக, மெல்லுறை பிதுங்கி விரிந்து வழிவிட்டது. அவர் முன்னும் பின்னுமாக இருகீறல் இட்டார். ஒன்றே போதும் என்பதைப் பின்வந்தார் கண்டனர். கருத்து எளிது, அதனைச் செய்தற்கு வயிற்றையோ மார்பையோ திறக்கவேண்டியிருந்தது அரிது. 1991-இல் ஸ்காத்லாந்தின் டண்டி நகரத்து மருத்துவர், வயிற்றில் இட்ட சிறு துளைகளின் வாயிலாகவே ஹெல்லரின் அறுவையைச் செய்துகாட்டினர். அதன்பின் இதுவே தலைமை பெற்றது. மதகை அறுத்துவிட்டால் புளிப்புநீர் மேலேறும் அன்றோ? அதற்காக இரைப்பையின் மேற்பகுதியைக் குழலின்மேல் மடித்துத் தைத்து ஓர் அரைக்காவல் அமைப்பதும் அவ்வறுவையோடு சேர்ந்தது.

இஃது இங்ஙனமாக, குழலின் உள்ளே புகுந்து நோக்கும் கருவி வேறொரு வழியில் வளர்ந்துவந்தது. 1868-இல் குஸ்மால் என்னும் ஜெர்மானியர், 47 செ.மீ. நீளமும் 13 மி.மீ. குறுக்களவும் உடைய நேரான உலோகக் குழாயை ஒருவன் வாய்வழி இரைப்பைக்குட் செலுத்தினார். அதனை ஏற்றவன் தெருவில் வாள் விழுங்கி வித்தை காட்டுபவன். மற்றவர்க்கு இயலாதது அவனுக்கு இயன்றது. 1957-இல் ஹிர்ஷோவிட்சு என்பார் ஒளியை வளைத்துச் செலுத்தும் கண்ணாடி இழைகளாற் கருவி அமைத்து, முதலில் தாமே அதனை விழுங்கிப் பார்த்தார். அதுமுதல் வளையும் எண்டாஸ்கோப்பு யாவர்க்கும் உரியதாயிற்று. நோக்கும் கருவியாய்த் தொடங்கியது, நாளடைவில் கத்தியும் ஊசியும் கவ்வியும் தன்னூடே செல்லவிடும் கருவியாயிற்று.

அங்ஙனமாயின் ஹெல்லர் புறத்தே செய்ததை அகத்தே செய்யலாகாதோ எனின், இடையூறு ஒன்று இருந்தது. அகத்தேயிருந்து தசையை அறுக்க வேண்டுமாயின் முதலில் மெல்லுறையை அறுத்தல் வேண்டும். அறுத்த இடத்திற்கு நேரே தசையையும் அறுத்தால், குழலுக்கும் நெஞ்சறைக்கும் இடையே வழி உண்டாகி, எச்சிலும் உணவும் கசிந்து உயிர்க்கு இறுதி நேரும். 1980-இல் ஒர்ட்டேகா என்பாரும் அவர்தம் துணைவரும் அகவழி நேரே அறுத்துக் குணங்கண்டதாக எழுதினர்; அச்சத்தால் அதனை மேற்கொள்வார் இலராயினர். 2007-இல் பஸ்ரிச்சா என்பாரும் அவர் குழுவினரும் பன்றிகளிடத்துச் செய்த ஆராய்ச்சி இம்முடிச்சை அவிழ்த்தது. மெல்லுறையில் ஒரு புழை இட்டு, உறைக்கும் தசைக்கும் இடையே சுரங்கம்போலக் கீழே சென்று, நெடுந்தொலைவில் தசையை அறுப்பது அவர் காட்டிய வழி. புழை ஓரிடம், அறுவை ஓரிடம். வெளிவாயிலுக்கு நேரே உள்வாயில் வையாது ஒதுக்கி வைத்த வீட்டிற் காற்று நேரே புகாதது போல, கசிவு நேரே புக இடமில்லை. நடுவே முழுமையான மெல்லுறை சுவராய் நிற்கும்.

மனிதரிடத்து இதனை முதற்கண் முறையாகச் செய்தவர் ஜப்பானியராகிய ஹருஹிரோ இனோவே என்பார், இடம் யோகோஹாமா, ஆண்டு 2008. தாம் மருத்துவம் செய்த முதல் 17 பேரின் வரலாற்றை 2010-இல் வெளியிட்டார். மதகின் அழுத்தம் சராசரி 52.4 பாதரச மில்லிமீட்டரிலிருந்து 19.9 ஆகக் குறைந்தது. 'வாய்வழி அகநோக்குத் தசையறுவை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இதனைப் 'போயம்' என வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் அவ்வெழுத்துக்கள் செய்யுளைக் குறிக்கும் சொல்லாகவும் அமைகின்றன. மருத்துவர்க்கும் புலவர்க்கும் பொதுவாய் இப்படி ஒரு சொல் கிடைத்தது இலக்கிய மாணாக்கருக்கு மகிழ்ச்சி தருவதே.

செய்முறையைச் சற்று விரித்துக் கூறுவல். நோயாளர் முந்திய நாட்களில் நீருணவே கொள்வர். தேங்கிய உணவு மயக்கத்தின்போது மூச்சுக்குழலிற் புகாதவாறு குழல் கழுவித் தூய்மை செய்யப்படும். பின் முழுமயக்கம் ஊட்டி, மூச்சுக்குக் குழாய் அமைப்பர். எண்டாஸ்கோப்பு வாய்வழிச் செல்கின்றது. மதகிற்கு ஏறக்குறைய 10 முதல் 15 செ.மீ. தொலைவு மேலே, மெல்லுறையின்கீழ் நீலச் சாயம் கலந்த உப்புநீரை ஊசியாற் செலுத்துவர். உறை கொப்புளம்போல் எழும். அதில் 2 செ.மீ. அளவு கீறிக் கருவியின் நுனி உள்ளே நுழைகின்றது. வாழைமரத்தின் மட்டைகள் ஒன்றையொன்று போர்த்திருப்ப, அவற்றிடையே விரலை நுழைத்துப் பிரித்தாற்போல, உறைக்கும் தசைக்கும் இடைப்பட்ட தளர்ந்த படலத்தை மின்கத்தியாற் சிறிது சிறிதாக விலக்கி முன்னேறுவர். நீலச்சாயம் பிரிக்கவேண்டிய படலத்தை நிறத்தாற் காட்டும்; வெண்மையாய்த் தோன்றுவது தசை; அதற்கெதிரே இருப்பது தீண்டத்தகாத மெல்லுறை. மதகைக் கடந்து இரைப்பைக்குள் 2 அல்லது 3 செ.மீ. வரை சுரங்கம் செல்லும். அப்பால் தசையை மேலிருந்து கீழாக அறுத்துவருவர். உள்வளையத் தசையை மட்டும் அறுத்துப் புறத்தசையை விட்டுவைத்தல் இனோவேயின் முறை. முடிவில் கருவியை வெளியே எடுத்து, தொடக்கத்தில் இட்ட புழையைச் சிறு உலோகக் கவ்விகளால் மூடுவர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடியும். உடலின் புறத்தே ஒரு கீறலும் இல்லை.

உள்ளே ஊதுவது காற்றன்று, கரியமிலவாயு என்பது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆயின் தசையை அறுக்குங்கால் அவ்வாயு நெஞ்சறையிலும் வயிற்றிலும் கசிதல் இயல்பு. கரியமிலவாயு விரைவிற் குருதியிற் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். காற்றாயின் அங்கேயே தங்கித் தீங்கு செய்யும். வில்லிஸின் கோலுக்கு மருத்துவன் வேண்டியதில்லை. இதற்கோ, கத்திமுனை ஒரு நூலளவு பிறழாத பயிற்சி வேண்டும்.

இதன் பயன் யாது? 2019-இல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் இதற்கு விடை கூறுகின்றன. ஒன்றில் 133 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையாற் பிரித்து, ஒரு பாலார்க்குப் பையும் ஒரு பாலார்க்குப் போயமும் செய்தனர். ஈராண்டிற்குப்பின் நலமுற்றார் பையால் நூற்றுக்கு 54. போயத்தால் நூற்றுக்கு 92. மற்றொன்றில் 221 பேர். வயிற்றிற் சிறு துளையிட்டுச் செய்யும் ஹெல்லர் அறுவையோடு ஒப்பிட்டனர். ஈராண்டில் நலமுற்றார் போயத்தால் நூற்றுக்கு 83.0, ஹெல்லர் முறையால் 81.7, ஏறக்குறைய ஒன்றே. கொடிய இடையூறு போயத்தில் 2.7, மற்றதில் 7.3. இதுவரை படித்தவர், இனி வேறு முறை எதற்கு என்பர். ஆனால் அதே ஆராய்ச்சியில், மூன்று திங்கள் கழித்துப் புளிப்புநீராற் குழல் புண்பட்டவர் போயத்தில் நூற்றுக்கு 57. ஹெல்லர் முறையில் 20. ஈராண்டில் அவ்வெண்கள் 44-உம் 29-உம் ஆயின. இரைப்பையை மடித்து அமைக்கும் அரைக்காவல் போயத்தில் இல்லாமையே இதன் காரணம்.

ஆதலின், 'கீறலில்லா அறுவை' என்று இதனைப் புகழ்ந்து பரப்புவார் பாதியையே கூறுகின்றார் என்பது என் கருத்து. தோலில் வடு இல்லை என்பதனால் விலை கொடாது பெற்றதாகாது. திறக்கும் கடனை மீட்டோம்; காக்கும் கடனிற் பெரும்பகுதியை விற்றோம். பட்டினியோடு ஒப்பிட, புளிப்புநீர் மருந்தால் அடக்கத்தக்கதே. இடையிடையே உள்நோக்கிப் பார்த்தலும் கூடும். பெரும்பாலோர்க்கு இவ்வாணிபம் ஊதியமே. ஆயினும் அதனை முன்னரே அறிந்து ஒருப்படுதல் நோயாளரின் உரிமை. ஏற்கெனவே புளிப்பு மேலேறும் இயல்பினர்க்கு ஹெல்லர் முறையும், செலவு பெருந்தடையாயினார்க்குப் பையும் இன்னும் பொருந்துவனவே. மூப்பினால் அறுவை தாங்காதவர்க்குப் போட்டுலினம் என்னும் நஞ்சை மதகில் ஊசியாற் செலுத்துவர். அதன் பயன் ஓராண்டிற்குள் தேய்ந்துவிடும். மேலே நினைவில் வைக்கச் சொன்ன மூன்றாம் வகைக்கோ போயமே சிறந்தது. இசிக்கும் பகுதி எத்துணை மேலே செல்லினும் அத்துணையும் அகத்தேயிருந்து அறுக்கலாம். வயிற்றின் வழியே புகுவார்க்கு அவ்வளவு உயரம் எட்டாது. இந்தியாவில் இம்முறை ஐதராபாத்து முதலிய நகரங்களில் மிகுதியாக நடைபெறுகின்றது.

மடிந்த நரம்பணுக்களை மீட்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. கோல், பை, கத்தி, போயம் ஆகிய யாவும் மதகைத் திறப்பனவேயன்றி அலையியக்கத்தை முன்போல் மீட்டுத் தருவன அல்ல. கிணற்றிற் கல் விழுவதுபோல உணவு விழுவதில்லை என முதலிற் கூறினேன். அறுவை செய்துகொண்டவர்க்கு மட்டும் அது பெரும்பாலும் அங்ஙனமே விழுகின்றது. ஆகவே அவர் நிமிர்ந்திருந்தே உண்ணல் வேண்டும். சிறு கவளங்களாக நன்கு மென்று, இடையிடையே நீர் பருகல் வேண்டும். இரவுணவிற்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமேனும் விட்டு, கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களின்கீழ்க் கட்டை வைத்து உயர்த்திப் படுப்பாராயின், புளிப்புநீர் மேலேறுதலும் குறையும்.